பழைய கிரீடத்தில் பகல் சாப்பாடு

“ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ‘பப்’பில் சாப்பாடு. மறுப்புச் சொல்லக் கூடாது” என்று என் சிநேகிதி டெலிபோனில் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்லூரி விடுதியில், குழம்பில் பூண்டு வாசனை அடிக்கிறதென்று தட்டைத் தள்ளி வைத்த அதே பெண்தான்! இப்போது இங்கிலாந்தின் வட எல்லையில், கார்லைல் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டராக இருக்கிறாள். பன்னிரண்டு வருஷத்துக் குளிர் ஒரு மனுஷியை இப்படியும் மாற்றிவிடுமோ?

“ஏண்டி, சாராயக் கடையிலே போய்ச் சாப்பிடுவதா? ஊரில் அம்மா காதில் விழுந்தால்...” என்று இழுத்தேன்.

“சாராயக் கடையும் இல்லை, கள்ளுக் கடையும் இல்லை. வந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசு” என்று டெலிபோனை வைத்துவிட்டாள்.

நாங்கள் போன ஊரின் பெயர் ஹெஸ்கெட் நியூமார்க்கெட். கார்லைலிலிருந்து தெற்கே காரில் அரை மணிக்குச் சற்று அதிகமாகும். ஏரிகளும் குன்றுகளும் நிறைந்த பிரசித்தி பெற்ற ‘லேக் டிஸ்ட்ரிக்ட்’டின் வடக்கு ஓரத்தில் இருக்கும் சின்னஞ்சிறு கிராமம். நடுவே நீளமாக ஒரு புல்வெளி, அதன் இரு பக்கமும் கல் வீடுகள், பின்னால் மேகத்தைப் போர்த்திக்கொண்டு நிற்கும் காரக் ஃபெல் என்னும் குன்று. அந்த வீடுகளின் வரிசையிலேயே, இதுவும் ஒரு வீடு என்பது போல ஒட்டிக்கொண்டு நிற்கிறது ‘ஓல்ட் கிரவுன்’. பழைய கிரீடம்! பெயருக்கு ஒன்றும் குறைவில்லை.

‘பப்’ என்பது ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம். அதாவது, பொது வீடு. வாசலில் பெயர்ப் பலகை தொங்கவிடும் வழக்கம் மிகப் பழையது. மதுச்சாலைகளெல்லாம் வாசலில் அடையாளம் வைத்தாக வேண்டும் என்று இரண்டாம் ரிச்சர்டு மன்னர் 1393-ல் உத்தரவு போட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கண்டுகொள்ள வேண்டுமே! அதனால்தான் கிரீடம், மணி, சிவப்புச் சிங்கம், வெள்ளைக் குதிரை என்று இங்கிலாந்தின் ‘பப்’களுக்கெல்லாம் படமாக வரையக் கூடிய பெயர்களாகவே இருக்கின்றன.

நிலைப்படியில் என் கால் ஒரு கணம் தயங்கியதை ஒப்புக்கொள்கிறேன். உள்ளே ஒரே புகை மண்டலமாக இருக்கும், நாலு தடியர்கள் தள்ளாடிக்கொண்டிருப்பார்கள் என்று மனத்தில் ஒரு சித்திரம். கதவைத் திறந்தால் கணப்பில் விறகு எரியும் மணந்தான் வந்தது. சிகரெட்டுப் புகைக்கு இங்கே இடமில்லை. 2007 ஜூலை முதல் தேதியிலிருந்து இங்கிலாந்தின் ‘பப்’களுக்குள்ளே புகை பிடிப்பது சட்டப்படி குற்றம். மூலையில் பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பேத்தியின் காலடியில் ஒரு நாய் சாவகாசமாகத் தூங்கியது. எல்லாரும் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்கள். நாயைத் தவிர.

நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று, யாரும் வந்து என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. எனக்குச் சற்றுக் கோபம்கூட வந்தது. சிநேகிதி வேண்டுமென்றே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். ‘பப்’பில் நாம்தான் எழுந்துபோய்க் கவுண்டரில் கேட்க வேண்டும், கையோடு பணத்தையும் கொடுத்துவிட வேண்டும். அங்கே கியூ வரிசை கிடையாது. ஆனால் யார் முன்னால் வந்தார், யார் பின்னால் வந்தார் என்பது நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். தன் முறை வராமல் ஒருவர் வாய் திறந்தால், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு, நாலு வார்த்தை திட்டிவிட்டாலே தேவலை!

கவுண்டரில் நீண்ட கைப்பிடிகள் வரிசையாக நின்றன. நம் ஊர் அடிபம்பின் நாசூக்கான தங்கை என்று சொல்லலாம். ஆள் அதை இழுக்க இழுக்க, நிலவறையில் உள்ள பீப்பாயிலிருந்து பீர் மேலே வருகிறது. பீப்பாய்க்குள்ளே ஈஸ்ட் இன்னும் உயிரோடிருந்து வேலை செய்துகொண்டேயிருக்குமாம். வெளியிலிருந்து வாயு செலுத்துவதில்லை. அதனால் இது சில நாளில் கெட்டுவிடும். மாவு புளிப்பதைக் கவனிக்கிற மாதிரி பீப்பாயைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு ‘பைண்ட்’ என்றால் 568 மில்லி லிட்டர். ஐஸ் போலக் குளிரவைப்பதும் இல்லை.

எனக்கு ‘ஜிஞ்சர் பீர்’ வாங்கி வந்தாள். பெயரைக் கேட்டதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். “அசடே, இது இஞ்சியும் சர்க்கரையும் சேர்ந்த சோடா. குழந்தைகள்கூடக் குடிக்கும்” என்றாள். முதல் வாயிலேயே தொண்டையில் சுரீர் என்றது. ஜலதோஷத்துக்குக் கொடுக்கலாம் போல!

வேடிக்கை என்னவென்றால், பீர் காய்ச்சுவது இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பெண்களின் வேலை. குடும்பத்துக்கு ரொட்டி சுடுவதைப் போலப் பெண்களே வீட்டில் ‘ஏல்’ காய்ச்சினார்கள், மிஞ்சியதை விற்றார்கள். காய்ச்சி முடிந்தது என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒரு கழி நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு அது லாபமுள்ள பெருந்தொழிலாயிற்று. லாபம் வந்ததும் யார் கைக்குப் போயிருக்கும் என்று சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சிய பெண் கடைக்குள் வருவதே தப்பு என்று பிற்பாடு ஆகிவிட்டது. லண்டன் ஃப்ளீட் தெருவில் எல் வினோ என்ற பிரபல மதுச்சாலையில், பத்திரிகைக்காரப் பெண்கள்கூடக் கவுண்டரில் நின்று கேட்கக் கூடாது, உட்கார்ந்துதான் கேட்க வேண்டும் என்று விதி இருந்தது. இரண்டு பெண்கள் கோர்ட்டுக்குப் போய் அதை உடைத்தார்கள். அது எந்த வருஷம் என்கிறீர்கள்? 1982!

எதிர் மேஜைப் பாட்டியம்மாளிடம் இதைச் சொன்னேன். தாம் கல்யாணமாகி வந்த புதிதில், புருஷன் துணையில்லாமல் ஒரு ‘பப்’பில் நுழைந்ததே கிடையாது என்று சொல்லிச் சிரித்தார். இப்போதோ அவர் இந்த இடத்தின் சொந்தக்காரர்களில் ஒருவர்! நான் வாயைப் பிளந்தேன். நான் இங்கே வந்ததற்கே அர்த்தம் கொடுத்த கதை அதுதான்.

1988-ல் ஓல்ட் கிரவுனின் பின்னாலிருந்த பழைய கொட்டிலில் ஒரு சின்ன பீர் ஆலை ஏற்பட்டது. சுற்றுப்புறக் குன்றுகளின் பெயர்களையே பீர் வகைகளுக்கு வைத்தார்கள். ஒன்றுக்கு மட்டும் ‘டோரிஸின் தொண்ணூறாவது பிறந்த நாள் ஏல்’ என்று பெயர். ஆலைக்காரர் குடும்பத்துப் பெரியவளாம். தொண்ணூறு வயதுக்கு நாம் பாயசம் வைப்போம். அவர்கள் பீர் காய்ச்சினார்கள். ஆலைக்காரர் ஓய்வு பெற விரும்பியபோது, 1999-ல் ஊராரும் நண்பர்களும் கூட்டுறவு முறையில் அதை வாங்கினார்கள். நாலு வருஷம் கழித்து, ‘பப்’பை நடத்தியவர்களும் ஓய்வு பெற நினைத்தார்கள். ஊருக்குத் திக்கென்றது. யாரோ பெரிய கம்பெனிக்காரர் வாங்கி உருமாற்றிவிட்டால்? அல்லது இழுத்து மூடிவிட்டு வீடாக மாற்றிவிட்டால்?

அந்தப் பயம் வீண் பயமல்ல. 1857-ல் சார்லஸ் டிக்கன்ஸும் வில்கி காலின்ஸும் இதே ஊருக்கு வந்து, வேறொரு விடுதியில் இறங்கினார்கள். விடுதிக்காரரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டு, கொட்டும் மழையில் காரக் ஃபெல் ஏறினார்கள். மூடுபனியில் வழி தவறி, திசைகாட்டி உடைந்து, காலின்ஸுக்குக் கால் சுளுக்கிக்கொண்டு, படாத பாடு பட்டுத் திரும்பினார்கள். அந்த விடுதி இன்று யாரோ குடியிருக்கும் வீடு. இங்கிலாந்தும் அண்டை நாடுகளும் சேர்ந்த ஐக்கிய ராஜ்யத்தில் 2000-ல் ஏறக்குறைய 60,000 ‘பப்’கள் இருந்தன. இப்போது 45,000 அளவுக்கு வந்துவிட்டது. வரியும் வாடகையும் ஏறின. மலிவான பீரை ஸூப்பர் மார்க்கெட்டில் வாங்கி, வீட்டில் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து குடிப்பவர்கள் பெருகிவிட்டார்கள்.

ஆகவே 2003-ல் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பங்குப் பணம் போட்டு ஓல்ட் கிரவுனை வாங்கினார்கள். பிரிட்டனிலேயே ஊரார் கூட்டுறவு முறையில் சொந்தமாக்கிக்கொண்ட முதல் ‘பப்’ இதுதான் என்கிறார்கள். சங்கம் கட்டடத்துக்குச் சொந்தக்காரர். குத்தகைக்கு எடுத்தவர்கள் நடத்துகிறார்கள். அப்போது இளவரசராயிருந்து, 2022-ல் மன்னரான சார்லஸ் இங்கே வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார். 2011-ல் சட்டமே வந்தது. ஊருக்கு முக்கியமானது என்று பதிவான கட்டடத்தை விற்பதற்கு முன், ஊரார் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கேட்கலாம். அதற்குப் பின் நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்கள் இந்த வழியில் போயிருக்கின்றன.

பாட்டியம்மாள் குடிப்பது அரை பைண்ட், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். பிறகு எதற்குப் பணம் போட்டீர்கள் என்று கேட்டேன். குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. பிள்ளைகள் தூரத்தில் இருக்கிறார்கள். விளக்கு எரிகிற கதவு ஒன்றாவது ஊரில் வேண்டாமா என்றார். நான் ஒரு வாரம் வராவிட்டால் யாராவது வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பார்கள் என்றும் சொன்னார். அதற்குமேல் எனக்குக் கேள்வி தோன்றவில்லை.

குடியினால் கெட்ட குடும்பம் அந்த நாட்டிலும் உண்டு. முதல் உலக யுத்தத்தின்போது, பக்கத்திலுள்ள கிரெட்னா வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்து, கார்லைல் வீதிகளில் குடித்துப் புரண்டார்கள். அரசாங்கம் பார்த்தது. 1916-ல் கார்லைல் வட்டாரத்து மதுச்சாலைகளையும் ஆலைகளையும் தானே எடுத்துக்கொண்டது. அரசாங்கமே கடை நடத்துவது நமக்கும் புதிதில்லைதான். ஆனால் அங்கே மானேஜருக்கு மாதச் சம்பளம். எவ்வளவு பீர் விற்றாலும் அதில் கமிஷன் கிடையாது. சாப்பாடும் லெமனேடும் விற்றால்தான் கமிஷன்! 1973 வரையில் இந்த ஏற்பாடு நடந்தது. இந்த யோசனையைச் சொன்ன மகானுபாவர் யாரோ, அவர் வீட்டுப் பெண்மணி கெட்டிக்காரியாக இருந்திருக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். சிநேகிதியின் கணவருக்கு மாட்டிறைச்சி ‘ரோஸ்ட்’; எனக்கு முந்திரி, பாதாம் முதலிய பருப்புகளை அரைத்துச் சுட்ட ‘நட் ரோஸ்ட்’. பக்கத்தில் பொன்னிறமாக வறுத்த உருளைக்கிழங்கு, காரட், பட்டாணி. ‘யார்க்ஷயர் புட்டிங்’ என்றதும் இனிப்பு என்று எண்ணி விடாதீர்கள். மைதா, முட்டை, பால் கரைத்த மாவைக் கொதிக்கும் கொழுப்பில் விட்டு அடுப்பில் வைத்தால் பூரி போல் உப்பிக்கொண்டு எழும். சைவக்காரர்கள் எந்தக் கொழுப்பு என்று கேட்டுக்கொள்வது நல்லது. குழம்பையும் கேளுங்கள், அது இறைச்சிச் சாறாக இருக்கும். உப்பு, உறைப்பு விஷயத்தில் நான் வாயைத் திறக்கப் போவதில்லை. கைப்பையில் ஒரு பொட்டலம் மிளகுப் பொடி இருந்தது, அவ்வளவுதான்.

‘பிளவ்மன்ஸ் லஞ்ச்’ என்று ஒன்றும் ‘பப்’களில் உண்டு: ரொட்டி, பாலாடைக் கட்டி, வெங்காய ஊறுகாய், சட்னி. ஏர் உழுகிறவன் சாப்பாடு என்று பெயர். கேட்டால் ஆயிரம் வருஷத்துப் பழக்கம் போலத் தோன்றும். உண்மையில், ரொட்டியும் கட்டியும் பழையவையானாலும், அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பியது 1950-களிலும் 60-களிலும் பாலாடைக் கட்டி வியாபாரத்துக்காகச் செய்த விளம்பரந்தான்! கூடவே வைக்கும் சட்னி மட்டும் பெயரோடு நம் நாட்டிலிருந்து கப்பலேறிப் போனது.

கடைசியில் ‘ஸ்டிக்கி டாஃபி புட்டிங்’. பேரீச்சம்பழம் சேர்த்த மெத்தென்ற கேக்கின் மேல், வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் காய்ச்சிய பாகு. அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையிலிருந்த ஒரு ஹோட்டல் 1970-களில் இதைப் பிரபலமாக்கியது. வாசக நேயர்களே, இதற்காக இன்னொரு தடவை கப்பலேறலாம்!

புறப்படும்போது மேஜையில் சில்லறை வைக்கப் போனேன். சிநேகிதி தடுத்தாள். கவுண்டரில் இருப்பவரிடம் “உங்களுக்கும் ஒன்று” என்று சொல்லி, ஒரு கோப்பைக்கான பணத்தைச் சேர்த்துக் கொடுப்பதுதான் மரியாதையாம். சொன்னேன். அவர் நன்றி சொல்லிவிட்டு, தமக்கும் ஒரு ஜிஞ்சர் பீர் எடுத்துக்கொண்டார்.

இரவு அம்மா போனில் கூப்பிட்டாள். “மத்தியானம் எங்கேடி சாப்பிட்டாய்?”

“பழைய கிரீடத்தில், அம்மா.”

“அது என்ன, ராஜா வீடா?”

“ராஜாவே வந்து போன இடந்தான்” என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.