திருத்தணிக்கு 42 டிகிரி, கும்மிடிப்பூண்டிக்கு எவ்வளவு?

மே மாதத்து மாலைச் செய்திகளில் தவறாமல் ஒரு பட்டியல் வரும். இன்று 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய ஊர்கள்: வேலூர், ஈரோடு, கரூர் பரமத்தி, மதுரை விமான நிலையம்... திருவள்ளூர் மாவட்டத்தின் சார்பில் அதில் ஆஜராவது பெரும்பாலும் திருத்தணி. கும்மிடிப்பூண்டியின் பெயர் காதில் விழுவது அபூர்வம். அதை வைத்து, திருத்தணிக்காரர்கள் பாவம், கும்மிடிப்பூண்டிக்காரர்கள் தப்பித்தார்கள் என்று ஒருவர் முடிவுகட்டினால், அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் கொட்டகைக்குள் அவர் ஒரு பிற்பகல் ‘பி ஷிஃப்ட்’ நின்றதில்லை என்று அர்த்தம்.

சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கிளம்பும் புறநகர் ரயில்களில் ஒரு தடம் ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர், அரக்கோணம் என்று மேற்கே போய்த் திருத்தணியைத் தொடுகிறது. இன்னொன்று அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று வடக்கே ஏறிக் கும்மிடிப்பூண்டிக்குப் போகிறது. முதல் தடம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறது. இரண்டாவது கடலை விட்டு அதிகம் விலகாமல் ஓடுகிறது. திருத்தணிக்கும் கடலுக்கும் நடுவே எண்பது கிலோமீட்டர் அளவுக்குத் தரை. கும்மிடிப்பூண்டியிலிருந்து கடல் இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். அந்த இடைவெளியிலும் பழவேற்காடு ஏரி தண்ணீரை விரித்துக்கொண்டு கிடக்கிறது. மாவட்டத்தின் வானிலை வேறுபாடுகளில் பாதிக்கு இந்தத் தூரக் கணக்கே காரணம்.

1997-இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்துத்தான் திருவள்ளூர் மாவட்டம் உருவானது. இன்று அதில் ஒன்பது வட்டங்கள். திருத்தணியோ அதற்கு முன்பே ஒருமுறை இடம் மாறிய ஊர்: படாஸ்கரின் எல்லைப் பரிந்துரைப்படி 1960-இல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி. போராடி வாங்கித்தந்த மண் என்று இன்றும் சொல்வார்கள். மண் இந்தப் பக்கம் வந்தது. அதன் வெயில் மட்டும் இன்னமும் ராயலசீமை வெயில்தான்.

ஏப்ரல், மே மாதங்களில் தரை சூடேறச் சூடேற, முற்பகல் பதினொன்று, பன்னிரண்டு வாக்கில் கடற்காற்று கரையேறும். ஏறிய இடத்தில் வெப்பநிலை அத்தோடு உயர்வதை நிறுத்திக்கொள்ளும். பல நாள் ஓரிரு டிகிரி இறங்கவும் செய்யும். எண்ணூரும் பழவேற்காடும் முதலில் அதை வாங்கிக்கொள்கின்றன. பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் சற்றுப் பொறுத்துக் கிடைக்கிறது. திருத்தணிக்குப் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சில நாள் போய்ச் சேர்வதே இல்லை. ஆகவே பிற்பகல் இரண்டு, மூன்று மணி வெயிலைத் திருத்தணி முழுசாக வாங்குகிறது.

மே கடைசியில் இந்த ஏற்பாடும் கலையும். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டி உலர்ந்த மேல்காற்றாக நம் பக்கம் இறங்கும். அது பலமாக வீசும் நாட்களில் கடற்காற்றைக் கரையிலேயே தடுத்து நிறுத்திவிடும். அன்றைக்குக் கடலோரமும் வேகும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவான 2003 மே 31-ஐ இன்றும் வானிலைக்காரர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். கத்திரி மே 28-இல் முடிகிறது என்று பஞ்சாங்கம் சொல்கிறது. கடலோரத் திருவள்ளூரைப் பொறுத்தவரை அதற்குப் பிறகுதான் சில வருடங்களில் உண்மையான கத்திரியே ஆரம்பிக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் வெப்பமானி காட்டும் கணக்கு. உடம்பு போடும் கணக்கு வேறு. வியர்வை ஆவியானால்தான் உடம்பு ஆறும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சட்டையை நனைத்து வழிந்து ஓடும். இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வெப்பமானியின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றிக் காற்றுப்படும்படி வைத்தால், ஆவியாதல் அந்தக் குமிழை எவ்வளவு தூரம் குளிர்விக்கிறதோ அங்கே வந்து நிற்கும். ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பள்ளிக்கூடத்தில் படித்த சமாசாரம்தான். 42 டிகிரி வெயில், 20 சதவீத ஈரப்பதம் என்று திருத்தணிக்கு ஒரு பிற்பகலை வைத்துக்கொள்வோம். ஈரக்குமிழ் சுமார் 24 டிகிரியில் நிற்கும். கடற்காற்று ஏறிய கும்மிடிப்பூண்டியில் 35 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் என்று வைத்தால் அது 29 டிகிரியைத் தாண்டிவிடும். வெப்பமானியில் 7 டிகிரி குறைவாக இருக்கும் ஊர், உடம்புக்கு 5 டிகிரி கூடுதலாக இருக்கிறது. ஈரக்குமிழ் 35-ஐத் தொட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஆளும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டார் என்பது ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லிவரும் உச்ச வரம்பு. உழைக்கும் உடம்புக்கு அதற்கு வெகு முன்பே ஆபத்து தொடங்கிவிடுகிறது.

தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர் கூலர் திருத்தணியில் நன்றாக வேலை செய்யும். பொன்னேரியில் அதே கூலர் அறையை ஊறவைப்பதோடு சரி.

ஈரக்குமிழின் இந்த 29-ஐ எடுத்துக்கொண்டு சிப்காட்டுக்குள் போவோம். தூண்டல் உலைகளில் பழைய இரும்பு சுமார் 1,600 டிகிரியில் உருகுகிறது. ரோலிங் மில்லில் 1,100, 1,200 டிகிரியில் செக்கச்செவேலென்று வரும் பில்லட்டை உருளைகளுக்கு நடுவே விட்டுக் கம்பியாக இழுக்கிறார்கள். மேலே தகரக் கூரை. தொழிற்சாலைகளுக்கான மாதிரி விதிகளில் ஓர் அளவு இருக்கிறது: வேலை செய்யும் கூடத்தில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஈரக்குமிழ் வெப்பநிலை 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, காற்றும் நிமிடத்துக்கு 30 மீட்டராவது ஓட வேண்டும். திருத்தணி போன்ற ஊரில் உலை வைத்தால் வெளிக்காற்றுக்கும் இந்த வரம்புக்கும் நடுவே 6 டிகிரி இடம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் உலையைப் பற்ற வைக்கும் முன்பே ஒரு டிகிரிகூட மிச்சமில்லை. எத்தனை விசிறி வைத்தாலும் அது உள்ளே இழுப்பது அதே ஈரக் காற்றைத்தான். உலைத் தொழிலைக் கொண்டுபோய்க் கடற்காற்று வீசும் இடத்தில் வைத்தவர்கள் துறைமுகத்தையும், கொல்கத்தா நெடுஞ்சாலையையும், ரயில் பாதையையும் பார்த்தார்கள். ஈரப்பதத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்தக் கொட்டகைகளில் நிற்பவர்களில் பெரும்பகுதி பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசத்து இளைஞர்கள். ‘லூ’ என்ற அனல்காற்று வீசும் பீகார், உத்தரப் பிரதேசத்துச் சமவெளியிலிருந்து வருபவருக்கு 44 டிகிரி புதிதல்ல. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் குடித்து, மதியம் வெளியே வராமல் சமாளிக்கத் தெரியும். இந்த ஒட்டும் வெப்பத்துக்கு அந்தப் பாடம் உதவாது. ஷிஃப்ட் முடிந்து திரும்பும் வாடகை அறையும் தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ வேய்ந்ததாக இருந்தால், இரவிலும் உடம்பு ஆறாமல் மறுநாள் வேலைக்குப் போகிறது. உலர்ந்த காற்று இரவில் சீக்கிரம் ஆறும். ஈரக்காற்று பகலின் சூட்டைக் கையைவிட்டு விடாது.

வெப்ப அலை என்று அறிவிப்பதற்கு இந்திய வானிலை ஆய்வு மையம் வைத்திருக்கும் அளவுகோல் இந்த வேறுபாட்டை ஓரளவு ஒப்புக்கொள்கிறது. சமவெளியில் குறைந்தபட்சம் 40 டிகிரி, கடலோரத்தில் 37. இரண்டிலும் இயல்பைவிட 4.5 டிகிரி கூடியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் ஈரப்பதம் நேரடியாக வராது. கும்மிடிப்பூண்டி கடலோரமா, சமவெளியா என்ற கேள்வியும் இருக்கிறது. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல காரியம். அலை என்று ஒருபோதும் அறிவிக்கப்படாத ஒரு புழுக்க நாளில் உலை முன்னால் சுருண்டு விழுந்தவருக்கு அது எந்த விதத்தில் பொருந்தும் என்பதையும் யாராவது எழுதிவைத்தால் இன்னும் நல்லது.

கடற்காற்று கொண்டுவரும் இன்னொரு சங்கதி புகை. அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் வானளாவ நிற்பதே புகை மேலோடு மேலாகப் போகட்டும் என்பதற்காக. பகலில் கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்றில் அந்தப் புகை கலையாமல் கோடாக மேற்கே நகரும். கொஞ்ச தூரம் உள்ளே போனதும், சூடேறிய தரையிலிருந்து எழும்பிக் கலங்கும் காற்றைச் சந்திக்கும். அந்தக் கலக்கம் உயரத்தில் இருக்கும் புகையைக் கீழே இழுத்து இறக்கிவிடும். ஆக, புகைபோக்கிக்கு அடியில் இருப்பவரைவிட, சில கிலோமீட்டர் தள்ளி மேற்கே இருப்பவர் அதிகம் சுவாசிக்கக்கூடும். இரவில் காற்று திசை மாறிக் கடலுக்குப் போகும் என்பது உண்மைதான். ஆனால் மார்கழி, தை மாதங்களில் தரை சீக்கிரம் குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பான காற்று பானைக்கு மூடி போட்டதுபோல் உட்கார்ந்துவிடும். சிறு ஆலைகளின் தாழ்ந்த புகைபோக்கிகள் கக்குவதெல்லாம் அந்த மூடிக்குக் கீழேயே சுற்றிக்கொண்டிருக்கும். 2018 போகி அன்று சென்னையில் விமானங்களைத் திருப்பிவிட்ட புகைமூட்டத்துக்கும் இதே மூடிதான் காரணம். அன்று கூடுதலாகப் பழைய டயரும் பாயும் எரிந்தன, அவ்வளவுதான்.

மழையில் நியாயம் கொஞ்சம் திரும்புகிறது. மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 1,100 மி.மீ. அதில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு தென்மேற்குப் பருவத்தில் கிடைக்கிறது. தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவம்தான் மழை என்று படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். வானிலை ஆய்வு மைய ரமணன் காலத்தில் நாடே மனப்பாடம் செய்த அந்த ‘வெப்பச்சலனம்’தான் இதைக் கொடுப்பது. உள்ளே போன கடற்காற்றும் மேற்கிலிருந்து வரும் காற்றும் முட்டிக்கொள்ளும் இடத்தில், சித்தூர், நகரி மலைப் பக்கம் பிற்பகலில் மேகம் திரளும். மேல்மட்டக் காற்று அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். பள்ளிப்பட்டும் திருத்தணியும் மாலையில் நனையும். திருவள்ளூர், ஆவடிக்கு இரவில் இடி கேட்கும். கடலோரத்துக்கு வந்து சேரும்போது பல நாள் மேகம் களைத்துப்போயிருக்கும். ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் சென்னையையும் சுற்று மாவட்டங்களையும் சேர்த்து ‘கேடிசிசி’ என்று ஒரே பெயரில் அழைத்து அதைப் பிரபலமாக்கிவிட்டார். ஆனால் ஜூலை இரவுகளில் அவருடைய ரேடார் படங்களைப் பார்த்தாலே தெரியும், பக்கத்துப் பக்கத்து வட்டங்களுக்குள் மழை எப்படிப் பங்கு பிரிகிறது என்று.

இந்த மாலை மழை நெல்லுக்கு நல்லதா என்றால், பருவத்தைப் பொறுத்தது. இங்கே சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம். சம்பா நாற்றங்காலுக்கு ஆகஸ்ட் மழை வரம். அதே நாட்களில் சொர்ணவாரி அறுத்து, நேரடி கொள்முதல் நிலையத்தின் வாசலில் குவித்து வைத்திருப்பவருக்கு அது வயிற்றெரிச்சல். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடை போட மாட்டார்கள். ஒரே மழையை ஒரே ஊரில் ஒருவர் கும்பிட, அடுத்தவர் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்.

அக்டோபர் வந்ததும் முறை மாறிவிடும். மழை கடலிலிருந்து வரும், கடலோரம் முதலில் வாங்கும். புயல் சென்னைக்குத் தெற்கே கரையேறினால் ஒரு மாதிரி, வடக்கே ஆந்திரம் பக்கம் வளைந்தால் வேறு மாதிரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரையைக் கடந்தது பாபட்லா அருகே. ஆனால் அதற்கு முன்பு 4-ஆம் தேதி சென்னைக்கும் திருவள்ளூருக்கும் நேர் கிழக்கே, கரையை விட்டு அதிகம் விலகாமல் ஊர்ந்துகொண்டே இருந்ததால், தொடாத புயல் தொட்ட புயல்களைவிட அதிகம் கொட்டியது. பழவேற்காட்டுக்காரர்களுக்கு இந்தப் பருவத்தில் வேறொரு கணக்கும் உண்டு. கோடையில் மணல் தூர்ந்து அடைபடும் முகத்துவாரத்தை மழை வெள்ளம் திறந்துவிடுமா என்பதுதான் அது. திறந்தால்தான் கடலும் ஏரியும் கலந்து, இறாலும் மீனும் உள்ளே வரும்.

ஆற்று வெள்ளம் மட்டும் இந்தப் பங்கீட்டை மதிப்பதில்லை. நகரி ஆறும் நந்தி ஆறும் ஆந்திர மலைகளில் பிறந்து, பள்ளிப்பட்டு, திருத்தணி வழியாகக் கொசஸ்தலையாற்றில் சேர்கின்றன. 1944-இல் அதன் குறுக்கே கட்டிய பூண்டி ஏரியின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அது நிரம்பினால் உபரி நீர் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூர் முகத்துவாரத்துக்கு ஓடும். வடக்கே ஆரணியாற்றிலும் இதே கதை: ஆந்திரத்தில் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால், மழை விட்ட பிறகும் ஊத்துக்கோட்டையில் தரைப்பாலம் மூழ்கும் என்பது பல வருடம் வழக்கமான செய்தியாக இருந்தது. 2021 நவம்பரில் மணலி புதுநகர் வீடுகளுக்குள் புகுந்த தண்ணீரும் உள்ளூர் மழை மட்டும் அல்ல. பூண்டியிலிருந்து வந்த கொசஸ்தலையாற்று வெள்ளம். அந்தப் பகுதிக்காரர்கள் இப்போதெல்லாம் நவம்பர் மாதத்தில் தங்கள் தலைக்கு மேலே இருக்கும் மேகத்தை மட்டும் பார்ப்பதில்லை. பள்ளிப்பட்டில் எத்தனை சென்டிமீட்டர், ஆந்திரத்துக் கிருஷ்ணாபுரம் அணையில் மதகு தூக்கினார்களா, பூண்டியில் எத்தனை ஆயிரம் கன அடி திறந்திருக்கிறார்கள் என்று கைபேசியில் தேடிவிட்டுத்தான் தரைத்தளத்துச் சாமான்களை மாடிக்கு ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள்.