துளையாமலே பல்லைக் காக்கலாம்

பல்லுக்கொதி வந்தால் இரண்டு வழிதான் உண்டு என்று எம்மிற் பலர் எண்ணுகிறோம். கராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பது ஒன்று. பொறுக்க முடியாத கட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பல்லைப் பிடுங்குவது மற்றொன்று. இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களில் இது இன்னும் அதிகம். கூலி வேலைக்குப் போகும் தாயோ தகப்பனோ ஒரு நாட் சம்பளத்தை இழந்து, பஸ்சுக்கும் காசு கொடுத்துப் பிள்ளையைப் பட்டணத்திற்குக் கொண்டு போவது பெரும்பாலும் முகம் வீங்கிய பிறகுதான். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நோவு தொடங்குவதற்கு மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில், முன்னரே பல்லிற் சூத்தை தொடங்கிவிடுகிறது. அந்த இடைக்காலத்தில் ஊசியும் துளைக்கும் யந்திரமும் இல்லாமற் பல்லைக் காக்கக்கூடிய பொருட்கள் இன்று உள்ளன. அவற்றை அறிந்திருந்தால்தான் கேட்டுப் பெறலாம்.

முதலில் சூத்தை எப்படி வருகிறது என்று பார்ப்போம். "பூச்சிப்பல்" என்று சொல்கிறோமே தவிர, பல்லைப் பூச்சியோ புழுவோ தின்பதில்லை. பல்லின் மேற்பரப்பில் மிளிரி என்ற மிகக் கடினமான படை இருக்கிறது. எனாமல் என்று சொல்வதும் இதைத்தான். கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்த கனிப்பொருளால் ஆனது அது. வாயில் வாழும் கிருமிகள் நாம் உண்ணும் சீனியைத் தாமும் உண்டு அமிலத்தை வெளிவிடுகின்றன. அந்த அமிலம் மிளிரியிலுள்ள கனிப்பொருளைக் கரைக்கிறது. உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கரைந்த கனிப்பொருளைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. கரைவதும் சேர்வதும் ஒவ்வொரு நாளும் எல்லோருடைய வாயிலும் நடக்கிறது. அடிக்கடி இனிப்புத் தின்னும் வாயிலே கரைவது கூடிச் சேர்வது குறைகிறது. இரவில் நித்திரையின்போது உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால், சீனி கலந்த பாற்போத்தலை வாயில் வைத்தபடி உறங்கும் குழந்தைக்கு முன்பற்கள் வெகு விரைவிற் பழுதாகின்றன.

முதல் அடையாளம் ஓட்டையல்ல. முரசை ஒட்டினாற்போல், சுண்ணாம்பு பூசியது போன்ற மங்கிய வெள்ளைத் தழும்பு தெரியும். வயல் வரம்பில் நண்டு வளை விழுந்த அன்றே ஒரு பிடி சேற்றை வைத்து மிதித்தாற் காரியம் முடிந்தது. விட்டுவிட்டால் வரம்பே உடைந்துபோகும். வெள்ளைத் தழும்பும் அத்தகையதே. மேற்பரப்பு உடையாதிருக்கும் வரை அது திரும்ப இறுகக் கூடியது.

இறுக வைக்கும் பொருட்களில் மலிவானதும் கைக்கெட்டியதும் புளோரைட்டு உள்ள பற்பசை. கரைந்த இடத்திற் கல்சியம் மீண்டும் படியப் புளோரைட்டு உதவுகிறது. அப்படிப் படிந்த மிளிரி அமிலத்தை முன்னிலும் நன்றாகத் தாங்கும். பெட்டியிலே 1000 பிபிஎம் அல்லது அதற்குச் சற்று மேல் என்று எழுதியிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசி அளவும், அதற்கு மேல் ஆறு வயது வரை ஒரு பட்டாணிக் கடலை அளவும் போதும். விளம்பரத்திற் காட்டுவது போலத் தூரிகை நிறையப் பிதுக்குவது கடைக்காரருக்குத்தான் இலாபம். துலக்கியபின் துப்ப வேண்டும். தண்ணீர் விட்டுப் பலமுறை கொப்பளித்தால் மருந்தும் போய்விடும். கரியும் செங்கல் தூளும் மிளிரியைத் தேய்ப்பனவே அன்றி இறுக்குவன அல்ல.

இதனிலும் பல மடங்கு செறிவான புளோரைட்டு வார்னிசு என்னும் பசை உண்டு. அதை வைத்தியரோ பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளரோ சிறு தூரிகையாற் பல்லிற் பூசுவர். சில நிமிட வேலை, நோவு இல்லை.

இவ்விடத்தில் வவுனியா, அநுராதபுரம் போன்ற வரண்ட பிரதேசங்களிற் குடியிருப்போருக்கு ஒரு சொல். அங்குள்ள பல கிணறுகளில் இயற்கையாகவே புளோரைட்டு அதிகம். பல் முளைக்குமுன் தாடைக்குள் உருவாகும் காலத்தில் அந்நீரை வருடக்கணக்காகக் குடித்த பிள்ளைகளுக்குப் பற்களில் வெள்ளைக் கோடுகளோ மண்ணிறக் கறையோ உண்டாகும். அது சூத்தையல்ல. அது பெரும்பாலும் இரு பக்கத்துப் பற்களிலும் ஒரே மாதிரியாக இருக்கும். சூத்தையின் வெள்ளை, அழுக்குப் படியும் இடத்தில் இருக்கும். நீரைக் கொதிக்க வைத்தாற் புளோரைட்டுப் போகாது. அத்தகைய ஊரில் உள்ளோர் எந்தப் பற்பசை, எவ்வளவு என்று பல் வைத்தியரிடம் கேட்டு நடப்பதே நல்லது.

இனி, ஓட்டை விழுந்துவிட்ட பல்லுக்கு. "வெள்ளி டையமின் புளோரைட்டு" என்ற திரவம் யப்பானில் உருவாகி, 1970ஆம் ஆண்டில் அங்கே அனுமதி பெற்றது. அமெரிக்கா 2014இல்தான் அனுமதித்தது. உலக சுகாதார தாபனம் 2021இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. பல்லைத் துடைத்து உலர்த்தி, ஒரு துளியிலும் குறைவான மருந்தைச் சூத்தையிற் தொட்டு வைத்து ஏறக்குறைய ஒரு நிமிடம் பொறுத்தாற் போதும். அதிலுள்ள வெள்ளி கிருமியைக் கொல்லும். புளோரைட்டு பல்லை இறுக்கும். ஆறு மாதத்திற்கொரு தடவை மீண்டும் பூசினாற் பயன் கூடும். மின்சாரம் வேண்டாம், நாற்காலி வேண்டாம். மரத்தடியிற் கூடச் செய்யலாம்.

குறை ஒன்றுண்டு. சூத்தை விழுந்த இடம் கரிக்கட்டை போற் கறுத்துவிடும். பெற்றோர் தயங்குவது இதனாலேயே, சிறப்பாகப் பெண்பிள்ளையின் முன்பல்லென்றால். அந்தத் தயக்கம் எமக்கு விளங்குகிறது. ஆயினும் பாற்பல் முன்வாயில் ஆறு ஏழு வயதிலும், கடைவாயிற் பத்துப் பன்னிரண்டு வயதிலும் எப்படியும் விழப்போவது. இரவிரவாக அழுது, சாப்பிட மாட்டாமல், பாடசாலையில் தலையைச் சாய்த்தபடி இருக்கும் பிள்ளையைவிடக் கறுத்த பல்லோடு சிரிக்கும் பிள்ளை மேல் என்பதே எமது கருத்து. முன்கூட்டியே பெற்றோருக்கு விளக்கிச் சம்மதம் பெறாமற் பூசுவது மட்டும் தவறு. வெள்ளி ஒவ்வாதவர்களுக்கு இது ஆகாது.

பல்லின் நிறத்தை ஒத்த வேறொரு பொருளும் உண்டு. கண்ணாடித் தூளையும் ஒருவகை அமிலத்தையும் கையாற் குழைத்து உண்டாக்கும் கிளாஸ் அயனோமர் சீமெந்து அது. இலண்டனில் வில்சன், கென்ட் என்னும் இருவர் 1970களின் தொடக்கத்தில் இதை வெளிப்படுத்தினர். பல்லோடு தானாகவே ஒட்டும். ஒட்டியபின் சிறுகச் சிறுகப் புளோரைட்டையும் விடும். 1980களின் நடுப்பகுதியிலே தன்சானியாவில் ஜோ பிறெங்கன் என்ற பல் வைத்தியர், மின்சாரமில்லாத கிராமங்களுக்கென இதை வைத்து ஒரு முறையை வகுத்தார். மெத்தென்றாகிய சூத்தைப் பகுதியை மட்டும் கைக்கருவியாற் சுரண்டி எடுத்து, குழியை இச்சீமெந்தால் அடைப்பது அம்முறை. பெரும்பாலும் விறைப்பூசி தேவைப்படுவதில்லை. உலக சுகாதார தாபனம் 1994ஆம் ஆண்டு உலக சுகாதார தினத்தில் இம்முறையை ஆதரித்தது. வறிய நாட்டின் குறையைக் கண்டு பிறந்த முறையை இன்று செல்வந்த நாடுகளும் பிள்ளைகளுக்குக் கையாளுகின்றன.

இன்னும் புதியனவும் உள. அவுஸ்திரேலியாவின் மெல்பேணில், பாலிலுள்ள கேசீன் என்னும் புரதத்தின் உதவியால் கல்சியத்தைப் பல்லிற் சேர்க்கும் பசையைக் கண்டுபிடித்தனர். பால் புரதம் ஒவ்வாதோர் அதைத் தவிர்க்க வேண்டும். பிரித்தானியாவின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய திரவம் வெள்ளைத் தழும்புக்குள் ஊறி, பாகற்கொடிக்குப் பந்தல் போட்டாற்போல நுண்ணிய நார்களாகக் கட்டிக்கொள்கிறது. உமிழ்நீரின் கல்சியம் அதிலே படர்கிறது. ஜேர்மனியில் வந்த மற்றொன்று தழும்பின் நுண்துளைகளைப் பிசின் போல நிரப்புவது. இவை நல்லவையே. விலையோ எமது மக்களுக்கு எட்டாதது. மேலே சொன்ன மலிவானவை கிடைக்கையில் இவற்றுக்காக ஏங்க வேண்டியதில்லை.

பற்களின் பாதுகாவலியாகப் போற்றப்படும் புனித அப்பொலோனியா 249ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியாவில் பற்கள் உடைக்கப்பட்டு மறைசாட்சியானவர். நோவு வந்தபின் அவரிடம் மன்றாடுவோர் பலர். மன்றாடுங்கள், அத்தோடு மாதத்திற்கொரு தடவை பிள்ளையின் மேலுதட்டை உயர்த்தி வெளிச்சத்திற் பாருங்கள். வெள்ளைத் தழும்போ மண்ணிறப் புள்ளியோ கண்டால், பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்திற்கோ அண்மையிலுள்ள வைத்தியசாலைக்கோ கொண்டு போய், "துளையாமற் செய்ய வழியுண்டா? வார்னிசு உண்டா? வெள்ளி மருந்து உண்டா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எல்லா இடத்திலும் எல்லாம் இருக்குமென்றில்லை. ஆனால் கேட்பவர்கள் கூடினால் வருவிப்பதற்கும் இடமுண்டு. முரசிற் சீழ்க்கட்டு, கன்ன வீக்கம், காய்ச்சல் ஆகியவை உள்ள பிள்ளைக்கு இம்மருந்துகள் போதா. அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும்.

வெள்ளி மருந்து பூசும் நாளிற் பிள்ளைக்குப் பழைய சட்டை ஒன்றைப் போட்டு அனுப்புங்கள். தோலிற் பட்ட கறை ஓரிரு வாரத்தில் மறைந்துவிடும். வெள்ளைச் சீருடையிற் பட்டால் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது.