மன்னார்க் கரையில் மூன்று நாள்

இலண்டன் மாநகரைக் காணச் செல்லும் நம்மவர், இன்ன நாளில் இன்ன இடத்தைக் காண்பதென்று புறப்படு முன்னரே குறித்து வைத்துக்கொள்கின்றனர். அரண்மனை வாயிலிற் காவலர் மாறுங் காட்சி, தேம்ஸ் நதிப் பாலங்கள், அரும்பொருட் சாலைகள் என்று அவர்களது பட்டியல் நீண்டு செல்லும். பாரிஸ் நகரெனில் ஈஃபெல் கோபுரத்தின் உயரத்தைக்கூட மனப்பாடமாகச் சொல்வர். ஆனால் அநுராதபுரத்துக்கு வடக்கே மதவாச்சிச் சந்தியில் இடப்புறந் திரும்பினால் இரண்டு மணி நேரத்துள் எட்டிவிடக்கூடிய மன்னாரில் எவற்றைக் காணலாம் என்று கேட்டால், மடுமாதா கோயிலையும் திருக்கேதீச்சரத்தையும் கூறிவிட்டு நம்மிற் பலர் மௌனமாகி விடுகின்றனர்.

அவ்விரண்டும் காணவேண்டியவையே, அதில் ஐயமில்லை. எனினும் மன்னார் இலங்கையின் பழைய வாசல். வணிகரும், படையெடுத்தோரும், முத்துக் குளிப்போரும், பிழைப்புத் தேடி வந்த ஏழைகளும் இவ்வாசலாலேயே நுழைந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற சுவடுகளிற் சில காக்கப்பட்டுள்ளன. சில நம் கண்முன்னே அழிந்து கொண்டிருக்கின்றன. ஆதலால் விடுமுறைக்கு எங்கே செல்வதென்று சிந்திக்கும் குடும்பத்தாருக்கும் மாணவருக்கும் மூன்று நாட் பயணமொன்றை இங்கு வகுத்துத் தருகின்றோம்.

முதல் நாள்: கோட்டையும் பெருக்க மரமும்

பெருநிலத்தையும் மன்னார்த் தீவையும் இணைப்பது ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் நீளமான கடல்வழிச் சாலை. இதிலிருந்த பழைய பாலம் 1990ஆம் ஆண்டில் போரிலே தகர்க்கப்பட்டது. இன்று நாம் கடக்கும் புதிய பாலம் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்டதாகும். இச்சாலையில் விரைந்து செல்ல வேண்டா. இருமருங்கும் விரிந்து கிடக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பும் சேற்று நிலமும் வங்காலைப் பறவைகள் சரணாலயத்தைச் சேர்ந்தவை. 2010ஆம் ஆண்டில் இச்சரணாலயம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. மாரி காலத்தில் வடதிசை நாடுகளிலிருந்து பல்லாயிரம் பறவைகள் இங்கு வந்திறங்குகின்றன. தை, மாசி மாதங்களிற் செல்வோர் காலை வேளையில் வாகனத்தை ஓரமாக நிறுத்திப் பார்த்தால், பூநாரைக் கூட்டம் இளஞ்சிவப்புக் கோடு கிழித்தாற்போல நீரில் நிற்பதைக் காணும் பேறு வாய்க்கலாம்.

பாலத்தைக் கடந்ததும் எதிர்ப்படுவது மன்னார்க் கோட்டை. போர்த்துக்கேயர் 1560ஆம் ஆண்டில் இதனைக் கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றித் திருத்தியமைத்தனர். 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. நாற்சதுரமான மதிலும், மூலைக்கொன்றாக நான்கு கொத்தளங்களும், இடிந்த தேவாலயமும் உள்ளே நின்று பழங்கதை பேசுகின்றன. பெருநிலத்திலிருந்த திருக்கேதீச்சர ஆலயத்தை இடித்தெடுத்த கற்களும் இக்கோட்டைச் சுவரில் உள்ளன என்று கூறுவர். மதிலின்மேல் ஏறி நிற்பவர், கடலை ஆள்பவனே இவ்வாசலையும் ஆண்டான் என்பதை ஆசிரியர் சொல்லாமலே உணர்ந்து கொள்வர்.

பிற்பகலிற் பள்ளிமுனைக்குச் செல்க. அங்குள்ள பெருக்க மரத்தைப் பிள்ளைகள் ஒருகாலும் மறவார். இதன் தாயகம் ஆபிரிக்கா. அராபிய வணிகர் தம் ஒட்டகங்களுக்குத் தீனியாகும் என்று கொணர்ந்து நட்டனர் என்பது அங்கு வழங்குஞ் செய்தி. உயரம் சுமார் 7.5 மீற்றர், அடிமரத்தின் சுற்றளவோ சுமார் 19.5 மீற்றர்! உயரத்தினும் பருமனே இரண்டரை மடங்கு மிகுந்த இதனைப் பத்துப் பிள்ளைகள் கைகோத்து நின்றாலும் வளைத்துக்கொள்ளல் அரிது. நகர வீதிகளிற் தம் மனம்போல் உலவுங் கழுதைகளும் அராபியரோடு வந்தவற்றின் வழித்தோன்றல்களே என்பர்.

இரண்டாம் நாள்: தலைமன்னார் இறங்குதுறை

தீவு ஏறக்குறைய 26 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் மேற்கு முனையே தலைமன்னார். கொழும்பிலிருந்து வரும் புகையிரதப் பாதை இங்கேதான் முடிகின்றது. போரினால் 1990இல் நின்றுபோன இப்பாதையில் 2015ஆம் ஆண்டு மீண்டும் வண்டி ஓடத் தொடங்கியது.

செல்லும் வழியில் எருக்கலம்பிட்டி, தோட்டவெளி, பேசாலை ஆகிய ஊர்கள் உள. தோட்டவெளியில், 1544ஆம் ஆண்டிற் சங்கிலி மன்னனின் ஆணையாற் கொல்லப்பட்ட கத்தோலிக்கரின் நினைவைப் போற்றும் ஆலயம் உண்டு. எருக்கலம்பிட்டி பனையோலைப் பாய்க்குப் பெயர் பெற்ற முஸ்லிம் ஊர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது இவ்வூர் மக்களும் உடுத்த உடையோடு அகன்றனர். ஆண்டுகள் பல கழிந்து திரும்பி வந்தோர் வீடுகளை மீளக் கட்டி வாழ்கின்றனர். அங்கு பாய் வாங்குவோர் விலையை மட்டும் கேட்டுத் திரும்பாது, இக்கதையையும் கேட்டறிதல் நன்று.

தலைமன்னாரில் வெளிச்ச வீட்டையும், துருவேறி நிற்கும் பழைய இறங்குதுறையையும் காண்க. அழகென்று சொல்ல அங்கு அதிகமில்லை. ஆயினும் இத்தீவில் நாம் நெடுநேரம் நிற்கவேண்டிய இடம் இதுவே.

1914ஆம் ஆண்டு முதல், கொழும்புக் கோட்டையிற் புகையிரதம் ஏறியவர் இத்துறையிற் கப்பலுக்கு மாறி, ஏறக்குறைய 30 கிலோமீற்றர் கடலைக் கடந்து தனுஷ்கோடியில் இறங்கி, மீண்டும் வண்டியேறிச் சென்னை சேர்ந்தனர். கலியாணத்துக்குப் பட்டெடுக்கச் சென்றோரும், கல்லூரிக்குச் சென்றோரும், தலயாத்திரை சென்றோரும் இவ்வழியே போய்வந்தனர். 1964ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. 1984இல் அதுவும் நின்றது.

இதற்கும் முற்பட்ட வரலாறு ஒன்றுண்டு. 1820களிற் தொடங்கி, தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட தொழிலாளர் படகிலே இக்கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கும் அதற்கு அப்பாலும் கால்நடையாகச் சென்றனர். வாந்திபேதிக்கும் பசிக்கும் வழியிலேயே இரையானோர் மிகப் பலர். இந்நாட்டின் செல்வத்துக்கு அடிகோலியவர்களின் முதற் காலடி பதிந்தது இம்மணலிலேயாம். 1964ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டுமென வகுத்தது. அதன்படி அனுப்பப்பட்டோரும் இதே துறையிற் கப்பலேறினர். பாட்டன் வந்திறங்கிய கரையிலிருந்து பேரன் நாடு கடந்தான். மலையக மக்களின் இருநூறாண்டு நிறைவை நினைந்து, 2023ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் நடந்து சென்றனர். நம் மாணவர் இவ்விறங்குதுறையைக் கண்டபின் பாடநூலைத் திறந்தால் அவ்வெழுத்துக்கள் வேறு பொருள் தரும்.

மாலையில் ஊருமலைக் கரைக்குச் செல்க. அங்கிருந்து தனுஷ்கோடிவரை தொடரும் மணற்றிட்டுகளை இராமர் அணை என்றும் ஆதாம் பாலம் என்றும் இருவகையாக அழைப்பர். 1966ஆம் ஆண்டு மிகிர் சென் என்னும் இந்திய வீரர் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திச் சென்றார். இக்கடலின் நீரோட்டம் வலியது. அவரைப் பின்பற்றத் துணியாது, கரையில் நின்றே கதிரவன் மறைவதைக் கண்டு மகிழ்க.

மூன்றாம் நாள்: மாந்தையும் அரிப்பும்

காலையிற் பாலத்தைக் கடந்து பெருநிலத்திலுள்ள மாந்தைக்கு வருக. மாதோட்டம் என்று புகழ்பெற்ற பழந்துறைமுகம் இது. 1980களில் இங்கு நிகழ்ந்த அகழ்வில் சீனப் பீங்கானும் அராபிய நாட்டு மட்கலங்களும் வெளிப்பட்டன. போர் மூண்டமையால் அப்பணி இடையில் நின்றது.

அருகே பாலாவித் தீர்த்தக் கரையில் திருக்கேதீச்சரம் விளங்குகின்றது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்டது. 1872ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் இதனை மீட்க வேண்டுமென்று அறைகூவினார். 1894இல் பழைய சிவலிங்கம் கண்டெடுக்கப்பட்டது. 1948இல் திருப்பணிச் சபை தோன்றியது. போர்க்கால இடர்களையுங் கடந்து, கருங்கல்லாற் புதுக்கப்பட்ட ஆலயத்துக்கு 2022ஆம் ஆண்டு ஜூலையிற் குடமுழுக்கு நிகழ்ந்தது. மடுமாதாவின் திருச்சொரூபமும் முன்னர் மாந்தையில் இருந்ததே. 1670ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தரின் கெடுபிடிக்கு அஞ்சிய கத்தோலிக்கர் அதனைக் காட்டுக்குள் எடுத்துச் சென்றனர். இருசமயத்தார்க்கும் மாந்தை தாய்மண் என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

நண்பகலுக்குப் பின் தெற்கே அரிப்புக்குச் செல்க. கண்டி அரசனிடம் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த இறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1679ஆம் ஆண்டு தப்பிவந்து சேர்ந்தது இங்கிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கே.

அரிப்பின் பெருமை முத்தினால் வந்தது. சலாபம் நடக்குங் காலத்தில், மனித நடமாட்டமற்ற இம்மணற்கரையில் ஓலைக் கொட்டில்களாலான நகரமொன்று சில வாரங்களில் எழுந்து மறையும். குளியாளி கல்லொன்றைக் காலிற் பற்றிக்கொண்டு கடலடிக்கு இறங்குவார். ஒரு நிமிட அளவில் மூச்சடக்கிச் சிப்பிகளைக் கூடையிற் சேர்ப்பார். கயிறு அசைந்ததும் மேலுள்ளவர் இழுத்தெடுப்பார். சுறாவின் வாயைக் கட்டுவதற்கு மந்திரம் செபிக்கும் ‘கடற்கட்டி’க்கு அரசாங்கமே கூலி கொடுத்தது! 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் வாரப்பட்டன. மறு ஆண்டில் ஆங்கிலக் கம்பனியொன்று இருபதாண்டுக் குத்தகைக்குப் பார்களை எடுத்தது. சிப்பிகளோ அருகிப் போயின. அளவுக்கு மிஞ்சி அள்ளியதும் கடலின் இயல்பும் சேர்ந்து அத்தொழிலை முடித்துவிட்டன.

இச்சலாபத்தை மேற்பார்க்கவென்று முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், 1801க்கும் 1804க்கும் இடையில் கிரேக்கத் தூண்களோடு ஒரு மாளிகை கட்டுவித்தார். ஊரவர் அதனை அல்லிராணி கோட்டை என்பர். கடல் மண்மேட்டை அரிக்க அரிக்க மாளிகையும் பகுதி பகுதியாகச் சரிந்து வீழ்கின்றது. எஞ்சிய சுவர்கள் இன்னும் எத்தனை மாரிகளைத் தாங்குமோ? மூன்று நாள் செலவிட இயலாதவர் முதலில் அரிப்புக்கே செல்லவேண்டும் என்போம். மற்றவை காத்திருக்கும், கடல் காத்திராது. இடிந்த சுவரருகே பிள்ளைகளை விடாதிருத்தல் அவசியம்.

செல்வோர் கவனத்துக்கு

தை முதற் பங்குனிவரை செல்வது சிறந்தது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் மணல் கண்ணை மறைக்கும். அக்காற்றை நம்பியே தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் நிறுவப்பட்டு, 2020ஆம் ஆண்டு டிசம்பரிற் திறந்து வைக்கப்பட்டன. நாட்டுக்கு மின்சாரம் வேண்டியதே. ஆனால் பறவைகள் வரும் வழியென்ன, வெள்ளம் வடியும் வழியென்ன, மீனவர் வாழும் வழியென்ன என்று கேட்டு, மேலும் காற்றாலைகள் அமைப்பதை எதிர்த்து 2025ஆம் ஆண்டில் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். இருபக்க நியாயத்தையும் மாணவர் நேரிற் கண்டு ஆராய்வதற்கு இதனினும் தக்க இடம் இல்லை.

குடிநீரும் குடையும் உடன் கொள்க. கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் ஏற்ற உடை அணிக. பறவைகளைக் கல்லெறிந்து கலைத்துப் படம் பிடிக்கும் தீச்செயலைப் பிள்ளைகள் செய்யாது தடுக்க. திரும்பும்போது நல்ல கருவாடும் ஓலைப் பாயும் வாங்கி வருக.

இன்னுமொன்று. கப்பலேறி இந்தியா சென்றுவந்த பாட்டனாரோ பாட்டியாரோ உங்கள் இல்லத்தில் இருப்பின், அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். 1984இற்கு முன் அக்கப்பலில் பயணஞ் செய்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாத செய்திகளை அவர்கள் அத்துறையருகே நின்று சொல்லக்கூடும். மாணவர் ஒரு குறிப்பேட்டை எடுத்துச்சென்று அவற்றை எழுதிக்கொள்வார்களாக.