மலிவுக் கட்டணத்தின் மறுபக்கம்

ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் தீவுக்குக் கேரவன் வாகனத்தில் செல்வோர் முதலில் அதைக் கப்பலில் ஏற்ற வேண்டும். அந்தக் கட்டணம் 2008 அக்டோபரில் சோதனை முறையில் குறைக்கப்பட்டு, அதே தூரத்தைச் சாலையில் கடக்கும் செலவையொட்டி நிர்ணயிக்கப்பட்டது. தீவினரின் சுமையைக் குறைப்பதும் சுற்றுலாவை வளர்ப்பதும் நோக்கங்கள். பயணிகள் பெருகினர், கப்பலின் வாகனத் தளத்துக்கோ எல்லை உண்டு.

விலை பங்கிடாத பொருளை வரிசை பங்கிடும் என்பது நான் பல்லாண்டுகள் வகுப்பில் விளக்கிய பாடம். கோடை விடுமுறையை மாதங்களுக்கு முன்பே திட்டமிடும் பயணி வரிசையில் முந்திக்கொள்கிறார். நாளை மறுநாள் மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய தீவுவாசிக்கு இடமில்லை. காரைவிட நீளமான கேரவன் இந்த நெருக்கடியைக் கூட்டுகிறது.

கட்டணத்தைப் பொதுவாக உயர்த்தினால் தீவினரே தண்டிக்கப்படுவர். தளத்தின் ஒரு பகுதியை அவர்களின் அவசரத் தேவைக்குக் கடைசிவரை ஒதுக்கிவைப்பதே நியாயம் என்பேன்.

பயணிக்கும் கடமை உண்டு. 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் தரும் நடமாட்ட உரிமை மோட்டார் வாகனங்களுக்குப் பொருந்தாது. ஒற்றைத்தடச் சாலைகளில் வழிவிடுவதற்கென அமைந்த ஒதுங்கிடங்களில் இரவைக் கழிக்காமல், முகாம் திடலில் கட்டணம் செலுத்தித் தங்கலாம்; அரிசியும் ரொட்டியும் தீவுக் கடையிலேயே வாங்கலாம். மலிவுக் கட்டணத்தின் பயன் அப்போதுதான் தீவைச் சேரும்.