பாலையாவின் காது
(பக்கத்து நாற்காலி – தொடர் 17)

நாயகனுக்குப் பக்கத்தில் நின்றவர்களை வைத்துத்தான் தமிழ்ப் படங்களின் தரத்தை எடைபோட வேண்டும் என்பது இந்தத் தொடரின் கட்சி. டி.எஸ்.பாலையாவிடம் போன வாரம் வந்து சேர்ந்தோம். வாராவாரம் படிப்பவர்களுக்கு இதற்கு மேல் நினைவூட்டத் தேவையில்லை. இந்த வாரம் அவருடைய வில்லன் வேடங்கள் என்று அறிவித்திருந்தேன். ஆண்டுகளைச் சரிபார்க்கும்போது அகப்பட்ட ஒரு பொருத்தம் அதற்கு முன்னால் வந்து நின்றுகொண்டது.

பாலையாவின் முதல் படம் 1936இல் வந்த 'சதி லீலாவதி'. எம்.ஜி.ஆருக்கும்கூட அதுதான் முதல் படம். கதை எஸ்.எஸ்.வாசனுடையது, ஆனந்த விகடனில் தொடராக வந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1968இல், பாலையா தவில்காரராக உட்கார்ந்த 'தில்லானா மோகனாம்பாள்' படமும் அதே விகடனில் கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் எழுதிய தொடர்தான். ஒரு நடிகரின் தொடக்கமும், அவர் கடைசியாகத் தொட்ட உச்சங்களில் ஒன்றும், ஒரே வார இதழின் பக்கங்களிலிருந்து எழுந்து வந்திருக்கின்றன. 'சதி லீலாவதி' கதைக்கு இன்னொரு கிளைக்கதையும் உண்டு. கிருஷ்ணசாமிப் பாவலரின் 'பதிபக்தி' நாடகமும் இதுவும் ஒன்றுதான் என்று சச்சரவு கிளம்பி வழக்கு வரை போயிற்று. இரண்டுக்குமே மூலம் ஹென்றி வுட் அம்மையார் 1860இல் எழுதிய 'டேன்ஸ்பரி ஹவுஸ்' என்ற ஆங்கில நாவல் என்று வாசன் எடுத்துச் சொன்ன பிறகுதான் பிரச்சினை அடங்கியது. குடியின் கேட்டைச் சொல்ல இங்கிலாந்தில் எழுதப்பட்ட கதை, சென்னைக் கனவானின் கதையாகி, இலங்கைத் தேயிலைத் தோட்டம் வரை நடந்து, தமிழ் தெரியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கனின் இயக்கத்தில் படமானது. அந்த நீண்ட பயணத்தின் முடிவில் நமக்குக் கிடைத்தவர் பாலையா. இதை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் வியப்பு குறையவில்லை.

பொருத்தம் இதழோடு முடியவில்லை. 'சதி லீலாவதி'யில் பாலையா ஏற்ற ராமநாதன், நாயகனுக்கு நண்பனாகப் பழகி அவனைக் குடியில் இறக்கிவிடுபவன். 'தில்லானா'வின் முத்துராக்கு, சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாகஸ்வரத்துக்குத் தவிலும் கோபத்துக்கு அணையும் ஆனவர். ஒருவன் பக்கத்திலிருந்து கவிழ்க்கிறான், மற்றவர் பக்கத்திலிருந்து தாங்குகிறார். இரண்டு வேலைக்கும் அடுத்தவன் பேசுவதைக் கூர்ந்து கேட்கத் தெரிய வேண்டும். பாலையா மறைந்தது 1972இல். இன்றும் ரசிகர்கள் கூடும்போது அவர் பேசிய விதத்தைத்தான் பேசிக் காட்டுகிறார்கள். நான் சொல்ல வருவது வேறு: பாலையா நம் திரை கண்ட மிகப் பெரிய கேட்பவர். அவருடைய சிறந்த காட்சிகளில் பாதிக்கு மேல், வேறு யாரோ பேசிக்கொண்டோ பாடிக்கொண்டோ இருக்கிறார்கள்.

முதல் சான்று எல்லோருக்கும் தெரிந்தது. 1964இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'யில் ஓஹோ புரொடக்ஷன்ஸ் செல்லப்பாவாக வரும் நாகேஷ், தன் அப்பா விஸ்வநாதனாக வரும் பாலையாவுக்குப் பேய்ப்படக் கதை சொல்லும் இடம். அது நாகேஷின் காட்சி அல்லவா என்ற மறுப்பு உடனே எழும், நியாயமான மறுப்புதான். சத்தங்கள், இடைவெளிகள், உடம்பின் வளைவு எல்லாமே நாகேஷுடையவை. இதே படம் 1966இல் இந்தியில் 'ப்யார் கியே ஜா' ஆனபோதும், கதை சொன்ன மெஹ்மூதுக்குத்தான் ஃபிலிம்ஃபேர் விருது போயிற்று, கேட்ட ஓம் பிரகாஷுக்கு அல்ல. ஆனாலும் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். திரையில் பேய் எங்கும் இல்லை. இருட்டில்லை, காடில்லை. நல்ல வெளிச்சத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். பேய் வந்துவிட்டது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் ஒரே தடயம் பாலையாவின் முகம். மகனின் உளறலைச் சகித்துக்கொள்ளும் பணக்கார அப்பாவாகத் தொடங்கி, பிறகு கொஞ்சம் ஆர்வம், பிறகு நிறுத்தினால் தேவலையே என்ற தவிப்பு, கடைசியில் நிறுத்திவிடுவானோ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. இந்தப் படிகளில் ஒன்றை அவர் தாண்டிக் குதித்திருந்தாலும் நாகேஷின் வித்தை வெறும் சேட்டையாகக் கீழே விழுந்திருக்கும். சொல்பவன் பந்தை வீசலாம். அது எவ்வளவு கனம் என்பதைப் பிடிக்கும் கைதான் காட்டும்.

அடுத்த மறுப்பு இன்னும் கடுமையானது. 'திருவிளையாடல்' ஹேமநாத பாகவதர் யாருக்கும் காது கொடுக்காத ஆணவக்காரர், அங்கே உன் வாதம் உடையவில்லையா என்று கேட்கலாம். அங்கேதான் அது உறுதிப்படுகிறது என்பேன். 'ஒரு நாள் போதுமா' என்று சவால் விடுவது பாலமுரளிகிருஷ்ணாவின் குரல். ராகம் மாறி ராகம் மாறிப் போகும் அந்த மாலிகைக்கு வெறுமனே வாயசைத்தால் மாட்டிக்கொள்ளலாம். குரல் வளையும் இடத்தில் கழுத்தும், கமகம் அதிரும் இடத்தில் கையும், சங்கதி இறங்கும் இடத்தில் கண்ணும் சேர்ந்து போகின்றன. இன்னொருவர் தொண்டையை அத்தனை நுணுக்கமாகக் கேட்காத ஒருவரால் இது முடியாது. அதைவிடப் பெரிய சான்று அதற்குப் பின்னால் வருகிறது. விறகு விற்பவராக வந்த சிவன் திண்ணையில் 'பாட்டும் நானே' பாட, போட்டிக்கு வந்த வித்துவான் கேட்கிறார். பாடியவன், தான் போட்டியிட வேண்டிய பாணபத்திரரிடம் பாட்டுக் கற்கப் போய் ஞானமில்லை என்று தள்ளப்பட்டவன் என்று தெரிந்ததும் அந்த முகம் அடைவது தோல்வியின் அவமானம் மட்டுமல்ல. உண்மையான சங்கீதத்தை இனம் கண்டுகொண்டவனின் துக்கமும் அதில் இருக்கிறது. இரவோடு இரவாக மதுரையை விட்டு ஓடும் மனிதனை நம்மால் வெறுக்க முடியாமல் போவதற்குக் காரணம் அதுதான். கேட்கத் தெரியாதவன் தோற்றிருந்தால் அது வெறும் தண்டனையாகப் போயிருக்கும்.

'தூக்கு தூக்கி'யின் வடநாட்டு சேட் என்ன ஆயிற்று, அது முழுக்க வாய்ஜாலம்தானே என்பார்கள். கொச்சை என்பது காதில் விழுந்து சேர்ந்த சரக்கு. எந்த எழுத்தில் அந்நியர் நாக்கு இடறும் என்று வருஷக்கணக்கில் கேட்டு வைத்த ஒருவர்தான் 1954இல் அந்த சேட்டைப் பேசியிருக்க முடியும். நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்களின் நடிப்பு உரத்த நடிப்பு என்ற பொதுவான குறை ஒன்றும் உண்டு. குரல் உரக்க இருந்தது உண்மை. ஆனால் எதிரே நிற்பவன் வசனத்தை விட்டுவிட்டால் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்த மேடை, உரக்கப் பேசுவதற்கு முன்னால் உன்னிப்பாகக் கேட்பதைத்தான் கற்றுக்கொடுத்திருக்கும்.

தவிலுக்கு வருகிறேன். நாகஸ்வரத்துக்குத் தவில் வாசிப்பவர் முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. குழலின் அடுத்த பிடி எங்கே விழும் என்று காது முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். மோகனாம்பாளின் சலங்கைக்கும் சண்முகசுந்தரத்தின் நாகஸ்வரத்துக்கும் நடக்கும் போட்டியில் சிவாஜியையும் பத்மினியையும் விட்டுவிட்டு, ஒரே ஒரு முறை பாலையாவை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். கை தவிலில் இருக்கிறது, கண் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடுகிறது. இவர்கள் போட்டியிடவில்லை, காதலிக்கிறார்கள் என்பது அந்தக் கண்ணுக்கு நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

வில்லன்களுக்கு இடம் போதவில்லை. 1937இன் 'அம்பிகாபதி'யில் தியாகராஜ பாகவதரோடு வாள் வீசிய ருத்ரசேனனும், 'மதுரை வீர'னின் நரசப்பனும் தனியாகக் கவனிக்க வேண்டியவர்கள். அடுத்த வாரம் ருத்ரசேனனிலிருந்து தொடங்குகிறேன்.