சைக்கிளுக்குச் சட்டை போட்ட கதை

எங்கள் வீட்டில் எந்தப் பொருள் வந்தாலும் முதலில் அதற்கு ஓர் உறை வந்துவிடும். அப்புறம்தான் உபயோகம். டி.வி. ரிமோட்டுக்கு பாலிதீன் உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குத் துணி உறை, மிக்ஸிக்குப் பூப்போட்ட உறை. சோபாவோடு வந்த பாலிதீன் கவரை மூன்று வருஷம் கழித்துத்தான் கிழித்தோம். அதுவும் என் மாமியாருக்கு முதுகெல்லாம் வேர்க்குரு வந்து, "இந்தச் சனியனை எடுக்கிறியா, நான் திண்ணையிலேயே உட்காரட்டுமா?" என்று சத்தம் போட்ட பிறகு!

இப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு கியர் சைக்கிள் வந்தால் சும்மா விடுவேனா?

சேலத்தில் இருக்கும் என் நாத்தனார் மகன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகும்போது தன்னுடைய மலை சைக்கிளை எங்கள் பெரியவனுக்குக் கொடுத்துவிட்டான். தடித்த டயர், முன்பக்கம் ஸ்பிரிங், நீலமும் கறுப்புமாகப் பெயிண்ட். பெரியவன் அப்போதுதான் பத்தாவது முடித்திருந்தான். ஞாயிற்றுக்கிழமையானால் சிநேகிதர்களோடு கச்சிராயபாளையம் வழியாக கோமுகி அணைக்குப் போவான். வெள்ளிமலைக்கு ஏறும் ரோட்டில் கொஞ்ச தூரம் ஏறிவிட்டு இறங்கி வருவான். கல்வராயன் மலையில் ஒரு மழை பெய்தால் போதும், அந்தச் செம்மண் சைக்கிளில் மட்டுமா, அவன் பனியன் வரைக்கும் வந்துவிடும். போதாததற்குக் கரும்பு டிராக்டரும் மரவள்ளிக் கிழங்கு லாரியும் வயலிலிருந்து ரோட்டுக்குக் கொண்டுவந்து கொட்டும் சேறு வேறு.

'நல்ல சைக்கிள், பெயிண்ட் போய்விடுமே' என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. ஒரு நாள் மத்தியானம் உட்கார்ந்து பாலிதீன் தாளை நீளநீளமாக வெட்டி, ஃப்ரேம் குழாய் எல்லாவற்றிலும் சுற்றி, மேலே கலர் கலராக எலக்ட்ரிக் டேப் ஒட்டினேன். ஹேண்டில் நுழைகிற கழுத்திலிருந்து பெடல் அச்சு வரைக்கும் ஓர் இடம் விடவில்லை. தெருவில் எல்லோரும் மெச்சினார்கள். எங்க வீட்டுக்காரர் மட்டும், "சைக்கிளுக்குச் சட்டை தைச்சுட்டே, நிஜார் எப்போ?" என்று கேலி செய்தார்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தது. அடுத்த வருஷ வெயிலும் போனது. ஆயுத பூஜைக்கு முதல் நாள், சந்தனம் குங்குமம் வைப்பதற்காகச் சைக்கிளைக் கழுவப் போனவள், டேப் அங்கங்கே பிசுபிசுவென்று பெயர்ந்திருப்பதைப் பார்த்துப் புதிதாகச் சுற்றிவிடலாம் என்று உரித்தேன். அடேயப்பா! உள்ளே கால் தம்ளர் சேற்றுத் தண்ணீர். ஒரே ஊசல் நாற்றம். குழாயில் பெயிண்ட் அப்பளம் மாதிரி பொரிந்து நின்றது. விரலால் தேய்த்தால் பழுப்புத் துரு கையோடு வருகிறது.

அதுகூடப் பெரிதில்லை. ஹேண்டில் கழுத்தும் கீழ்க்குழாயும் சேருகிற வெல்டிங் ஓரத்தில் ஒரு மயிரிழை கோடு தெரிந்தது. தலைமுடிதான் ஒட்டியிருக்கிறது என்று துடைத்தேன், போகவில்லை. நகத்தால் குறுக்கே இழுத்துப் பார்த்தேன். நகம் தட்டியது.

"ஏங்க, இங்க பாருங்க" என்றேன். "கீறல்தான் விடு. கீறாம சைக்கிள் ஓட்ட முடியுமா?" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மறுநாள் பூஜை முடிந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்கே போய்விட்டேன். கடைக்காரர் வயதானவர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவர் செய்த வைத்தியத்தைச் சொல்லியே ஆகவேண்டும். பாட்டிலில் இருந்த மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அந்த இடத்தில் நன்றாகத் தடவினார். கொஞ்ச நேரம் விட்டு, வேறு துணியால் ஈரமே இல்லாமல் துடைத்தார். பிறகு பள்ளிக்கூட சாக்பீஸைப் பொடித்து மேலே பூசினார். ஒரு டீ குடிக்கிற நேரம் காத்திருந்தோம். வெள்ளைப் பொடியின் மேல் ஈரமாக ஒரு கோடு எழும்பி வந்தது! விரிசலுக்குள் புகுந்த மண்ணெண்ணெயைச் சாக்பீஸ் பொடி வெளியே இழுத்துக் காட்டிவிடுகிறது. வெறும் கீறலாக இருந்தால் அப்படிக் கசியாதாம்.

"தங்கச்சி, தம்பி இதிலேயா மலை இறங்குறான்?" என்றார். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலை வரைக்கும் போகப்போவதாகப் பையன் சொல்லிக்கொண்டிருந்தான். கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்கும்போது முழு பாரமும் அந்தக் கழுத்தில்தான் விழும். அங்கே குழாய் விட்டுக்கொடுத்தால்...

"டேப் சுத்தினதாலயா அண்ணே விரிசல் வந்தது?" என்று கேட்டேன். பொய் சொல்லாத மனிதர். "டேப்பால விரிசல் வராதும்மா. எங்கேயோ பள்ளத்துல குதிச்சப்போ விழுந்திருக்கும். ஆனா டேப் இல்லேன்னா நீ முன்னாலேயே பார்த்திருப்பே. மூடி வெச்சதால தெரியலே. தண்ணி தங்கித் துருவும் சேர்ந்துக்கிச்சு" என்றார். அந்த இடத்தில் வெல்டிங் வைத்து மலைக்கு அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை. வேறு ஃப்ரேம் வரவழைத்து, சக்கரம், செயின் எல்லாவற்றையும் அதில் மாட்டிக் கொடுத்தார். எங்கள் வீட்டு மூன்று மாதப் பால் பணம் அதில் போனது. போனால் போகட்டும்.

மலை சைக்கிளின் பூர்வோத்தரத்தைப் பெரியவன் எனக்குப் பாடமாகவே எடுத்தான். 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் பந்தயம் இறங்கினார்களாம். ஒரு தடவை இறங்கினால் பின்சக்கர பிரேக் சூட்டில் உள்ளே இருக்கிற கிரீஸ் புகைந்து போய்விடும்; திரும்பக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்துவிட்டது. பழைய ஃப்ரேம்கள் அடிக்கடி உடையவே, 1977இல் ஜோ ப்ரீஸ் என்பவர் மலைக்கென்றே தனியாக ஃப்ரேம் செய்தார். "சேத்துல ஓடத்தான்மா இதைப் பண்ணினாங்க. நீ என்னடான்னா பட்டுப்புடவை மாதிரி போத்தி வெச்சே!" என்றான். வாஸ்தவம்தான்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். அந்தப் பெரியவர் சொல்லிக் கொடுத்தது பாதி, பட்டுத் தெரிந்துகொண்டது மீதி.

சேற்றைக் காய்ந்த துணியால் துடைக்கவே கூடாது. முன்பு நான் அதைத்தான் செய்தேன். பையன் வந்ததும் பழைய பாவாடைத் துணியை எடுத்து வறட்டு வறட்டென்று தேய்ப்பேன். சேற்றில் இருக்கிற மணல் உப்புத்தாள் மாதிரி பெயிண்டை அராவிவிடும். மலையில் விழுந்த கீறலைவிட என் துணியால் விழுந்ததுதான் அதிகம்! ஈரமாக இருக்கும்போதே ஒரு வாளித் தண்ணீரை மக்கால் மொண்டு ஊற்றிவிட்டால் பாதி போய்விடும். காய்ந்துவிட்டால் நனைத்துவிட்டுப் பத்து நிமிஷம் ஊற விடுங்கள், அடிபிடித்த பாத்திரத்தை ஊற வைப்போமே, அதைப்போல. பிறகு தண்ணீரில் ஒரு பாக்கெட் ஷாம்பு கலந்து, மெத்தென்ற துணியால் மேலிருந்து கீழாகத் துடைக்கலாம். செயினுக்கு வேறு துணி. செயின் துடைத்த துணியில் கிரீஸும் மணலும் இருக்கும். அது ஃப்ரேம் பக்கம் வரக்கூடாது. துணி துவைக்கிற பவுடரும் கம்பி நாரும் வேண்டாம். தலை குளிக்க உதவுவதே சைக்கிளுக்கும் போதும்.

வாட்டர் சர்வீஸ் கடையில் மோட்டார் வைத்துப் பீய்ச்சி அடிப்பதும் நல்லதில்லை. பெடல் அச்சுக்கும் சக்கர அச்சுக்கும் உள்ளே தண்ணீர் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், பத்தே நாளில் கரகரவென்று சத்தம் கேட்கும்.

கழுவினால் மட்டும் போதாது. நன்றாகத் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். சீட்டுக் கம்பி வழியாகக் குழாய்க்குள் தண்ணீர் இறங்குகிறது என்பது எனக்குத் தெரியவே தெரியாது. இரும்புக் குழாய் உள்ளிருந்தும் துருப்பிடிக்கும். பெருமழையில் நனைந்து வந்தால் சீட்டைக் கழற்றிவிட்டு, சைக்கிளைத் தலைகீழாகக் கொஞ்ச நேரம் நிறுத்தி வடியவிடுகிறோம்.

உங்கள் வீட்டு சைக்கிள் இரும்பா, அலுமினியமா என்று தெரியவில்லையா? ஃபிரிட்ஜில் ஒட்டி வைக்கிற காந்தப் பொம்மையை எடுத்துக் குழாயில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். அதற்குப் பழுப்புத் துரு வராது. அதற்காக அலட்சியமாக இருக்கக்கூடாது, அதிலும் விரிசல் விழும்.

கீறலைத் தடுக்க நான் டேப் ஒட்டுவதையே விட்டுவிட்டேன் என்று எண்ண வேண்டாம். உரசுகிற இடத்தில் மட்டும் ஒட்டுகிறேன். ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் பிரேக் வயரும் கியர் வயரும் கழுத்துக் குழாயில் உரசி உரசிப் பெயிண்டைத் தின்றுவிடும். அங்கே விரலகலத்துக்கு ஒரு துண்டு கண்ணாடி டேப். உள்ளே இருப்பது தெரிய வேண்டும், அதனால்தான் கலர் டேப் கூடாது. பள்ளத்தில் இறங்கும்போது செயின் துள்ளிப் பின்குழாயை அடிக்கும். அந்த இடத்தில் பஞ்சர் கடையில் கேட்டு வாங்கிய பழைய டியூப் துண்டைச் சுற்றியிருக்கிறோம். மாதம் ஒரு தடவை இரண்டையும் எடுத்து, கழுவி, உலர்த்தித் திரும்பப் போடுகிறோம். எடுக்காமல் விட்டால் என் பழைய கதைதான்.

மலை சைக்கிளுக்குப் பெரும்பாலும் மட்கார்டே கிடையாது. ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை வெட்டி வளைத்து, துளை போட்டு, பிளாஸ்டிக் டேக்கால் கீழ்க்குழாயில் கட்டிவிட்டான் பெரியவன். முன்சக்கரம் வாரி இறைக்கிற சேறும் கல்லும் ஃப்ரேமில் படுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. டயருக்கும் அதற்கும் நடுவே இரண்டு விரல் இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் செம்மண் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது.

சின்னக் கீறல் விழுந்து இரும்பு தெரிந்தால் அன்றைக்கே மூடிவிட வேண்டும். அந்த இடத்தைத் துடைத்து, துரு இருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, காய்ந்த பிறகு நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு கொடுத்தால் போதும். குரோம் பூசிய ஹேண்டிலில் புள்ளி புள்ளியாகத் துரு இருந்தால், சப்பாத்தி சுற்றுகிற அலுமினிய ஃபாயிலைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்துப் பாருங்கள்.

ஒன்றே ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை. எண்ணெயோ, பாலிஷோ, மெழுகோ, எதுவானாலும் பிரேக் கட்டை பிடிக்கிற ரிம்மில் படவே கூடாது. தட்டு பிரேக் இருந்தால் அந்தத் தட்டிலும் படக்கூடாது. பளபளப்புக்கு ஆசைப்பட்டு நான் ஒரு தடவை தேங்காய் எண்ணெய்க் கையோடு ரிம்மையும் துடைத்துவிட்டேன். பையன் தெருமுனையில் பிரேக் பிடித்தான், சைக்கிள் எதிர்வீட்டு வாசற்படியில் போய்த்தான் நின்றது. நல்லவேளை, மலையில் இல்லை.

எங்கள் சின்னவள் இந்த வருஷம் பதினொன்றாவது. பள்ளிக்கூடத்தில் அரசாங்க சைக்கிள் கொடுத்தார்கள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு என்று ஆரம்பித்து, பிறகு மற்றப் பெண்களுக்கும் பையன்களுக்கும் விரிந்த திட்டம் அது. என் சித்தி ஒருத்தி புதுக்கோட்டைக்காரி. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் அங்கே கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான பெண்களில் அவளும் ஒருத்தி. "கடைக்குப் போக, தண்ணி எடுக்க, யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்டி" என்பாள். சின்னவள் சைக்கிளைத் தொடும்போதெல்லாம் சித்தியின் முகம்தான் ஞாபகம் வரும். சைக்கிள் படுத்துவிட்டால் அந்தப் பெண் பஸ்ஸுக்குக் காத்திருந்து முதல் பீரியடைத் தவறவிட வேண்டும். அதனால் மட்கார்டின் உட்பக்கம், ஸ்டாண்டு, கேரியருக்கு அடிப்பக்கம் என்று சேறு ஒளிந்துகொள்கிற இடங்களைப் பழைய டூத் பிரஷ்ஷால் நானே தேய்த்துவிடுகிறேன்.

இரண்டு சைக்கிளையும் மாதம் ஒரு ஞாயிறு காலையில் வாசலில் நிறுத்தி, வெல்டிங் வைத்த மூட்டு ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பார்த்து நகத்தால் தடவிவிட்டுத்தான் பெரியவனை மலைக்கு அனுப்புகிறேன். பக்கத்து வீட்டம்மா, "பிள்ளைக்குப் பேன் பார்க்கிற மாதிரியில்ல பார்க்கிறே!" என்கிறாள். சின்னவளுக்கோ வேறு மனத்தாங்கல். அவளுடைய நீல நெயில் பாலிஷ் முழுக்க அண்ணன் சைக்கிளுக்கே தீர்ந்து போய்விட்டதாம். இந்தத் தடவை சந்தையில் இரண்டு பாட்டில் வாங்க வேண்டும்.