இணையத்தில் மலையகம் தேடிக் கிடைக்காதது ஏன்?

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயன் குடியிருப்புகளை மூடியது. அவ்விடம் அபாயத்துக்குரியது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்த செய்தி, அனர்த்தத்தின் பின்னரே நாட்டில் பலருக்கும் தெரியவந்தது. இன்று அத்தோட்டத்தைப் பற்றி இணையத்தில் தமிழில் அறிய விரும்பும் ஒருவர், தேடுபொறியின் பெட்டியில் என்ன எழுதுவார்? மீரியபெத்தை என்றா, மீரியபெத்த என்றா, மீரியாபெத்த என்றா? ஊரின் பெயர் கொஸ்லந்தையா, கொஸ்லந்தவா, கொஸ்லாந்தையா? நமது பத்திரிகைகளும் அறிக்கைகளும் இவை அனைத்தையும் எழுதியிருக்கின்றன. ஒரு வடிவத்தை எழுதித் தேடுபவருக்கு மற்றொரு வடிவத்தில் எழுதப்பட்ட பக்கம் கிடைக்காமற் போவது வியப்புக்குரியதன்று.

ஊவா மாகாணத்துத் தமிழ்ப் பாடசாலைகள், சமூக அமைப்புகள், தொழிற்சங்கங்கள், எழுத்தாளர்கள் எனப் பலரும் இன்று இணையத்தில் எழுதுகின்றனர். "எழுதுகிறோம், ஆனால் தேடினால் வருவதில்லை" என்பதே இவர்களில் பலரது மனக்குறை. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் மருந்து, தேடல் முடிவுகளில் முதலிடம் பெற்றுத் தருவதாகக் கூறும் நிறுவனங்களிடம் பணத்தைக் கொடுப்பதாகும். நோய் எதுவென்று பாராமல் மருந்து வாங்குவதற்கு ஒப்பானது இது. பெரும்பாலான மலையகப் பக்கங்களின் குறை தரவரிசையில் இல்லை. பக்கம் தரவரிசைக்குச் செல்வதற்கு முன்பே தடைப்பட்டுவிடுகிறது.

தேடுபொறி மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவதாக, அதன் நிரல்கள் இணைப்புகளைப் பின்பற்றிப் பக்கம் பக்கமாக உலாவி, கிடைத்தவற்றை எடுத்து வருகின்றன. இரண்டாவதாக, எடுத்து வந்த பக்கங்களில் எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று ஒரு பெரும் அட்டவணையைத் தயாரிக்கிறது. நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் போன்றது அது. மூன்றாவதாகத்தான், ஒருவர் கேட்கும்போது அட்டவணையிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து எது முன்னே, எது பின்னே என்று அடுக்குகிறது. 1998இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜும் சேர்ஜி பிரினும் புகழ்பெற்றது இந்த மூன்றாவது வேலைக்காக. ஒரு பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள், எத்தகைய பக்கங்கள் சுட்டுகின்றன என்பதைக் கொண்டு அதன் மதிப்பை அளக்கும் முறையை அவர்கள் வகுத்தனர். இப்போது அதனுடன் வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துவிட்டன. ஆயினும் அட்டவணையில் இல்லாத பக்கத்தை எந்த அளவுகோலாலும் அளக்க இயலாது.

ஆகவே முதலில் சோதிக்க வேண்டியது, நமது பக்கம் அட்டவணையில் இருக்கிறதா என்பதையே. கூகுளின் தேடல் பெட்டியில் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் இட்டு, இடைவெளியின்றி நமது தளத்தின் முகவரியைத் தட்டச்சு செய்தால், அத்தளத்தில் கூகுள் அறிந்த பக்கங்கள் பெரும்பாலும் வந்துவிடும். 'சேர்ச் கன்சோல்' எனப்படும் கூகுளின் இலவசக் கருவி இதைவிடத் திட்டவட்டமாகக் காட்டும். ஒரு பக்கமும் வராவிடின், தளத்தை அமைத்தவர் சோதனைக் காலத்தில் இட்ட 'உள்ளே வராதே' என்னும் கட்டளையை நீக்க மறந்திருக்கலாம். அல்லது அத்தளத்துக்கு வெளியிலிருந்து ஓர் இணைப்பேனும் இல்லாதிருக்கலாம். முகநூலில் மாத்திரம் எழுதுவோர் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முகநூல் குழுக்களில் இடப்படுபவற்றில் பெரும்பகுதி தேடுபொறிக்கு எட்டுவதில்லை. வட்ஸ்அப் செய்திகள் அறவே எட்டா. பதுளை, பசறை, மடுல்சீமைப் பகுதிகளின் அன்றாடச் செய்திகள் பெரிதும் இவ்விரண்டிலுமே பேசப்படுகின்றன. மாலையில் வந்து காலையில் மறைந்துவிடும் செய்திகளாகவே அவை போய்விடுகின்றன.

அடுத்த சோதனை சற்று விசித்திரமானது: பக்கத்தில் இருப்பது உண்மையில் தமிழ்தானா? இலங்கையின் தமிழ் அச்சகங்களில் நீண்டகாலம் கோலோச்சிய எழுத்துரு பாமினி. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் எழுத்துகளின் வடிவங்களை வரைந்து வைத்திருப்பதே அதன் உத்தி. பாமினியில் 'பதுளை' என்று தட்டச்சு செய்தால், கண்ணுக்குப் பதுளை தெரியும். கணினியின் நினைவில் இருப்பதோ ஜி, ஜே, ஐ, எஸ் என்னும் நான்கு ஆங்கில எழுத்துகள். ஐகாரக் குறி ளகரத்துக்கு முன்னால் எழுதப்படுவதால் அங்கே வரிசையும் மாறிவிடுகிறது. தேடுபொறிக்குக் கண் இல்லை, நினைவில் உள்ள குறியீடுகளையே அது வாசிக்கும். இவ்வாறு எழுதப்பட்ட ஆயிரம் பக்கங்கள் இணையத்தில் இருந்தாலும், 'பதுளை' என்று தேடுபவருக்கு அவற்றில் ஒன்றும் வராது.

உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனிக் குறியீட்டிடங்களை வழங்கும் ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழ்நாட்டு அரசு 2010இல் அதனை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. இன்று கைத்தொலைபேசியில் தமிழ் எழுதுவோர் எல்லோரும் தம்மையறியாமலே ஒருங்குறியில்தான் எழுதுகின்றனர். எனினும் பழைய மலர்கள், மாநாட்டு அறிக்கைகள், ஆண்டறிக்கைகள், தொழிற்சங்கப் பிரசுரங்கள் என 1990களிலும் 2000களிலும் கணினியில் அச்சுக்கோக்கப்பட்டவற்றில் மிகப் பல பழைய எழுத்துருக்களிலேயே கிடக்கின்றன. இவற்றை மாற்றுவது கடினமன்று. பொங்குதமிழ் மாற்றி, என்.எச்.எம். மாற்றி போன்ற இலவசச் செயலிகள் பல ஆண்டுகளாகவே இருக்கின்றன. மாற்றிய பின் ஒருவர் அமர்ந்து பிழை பார்க்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள பாரம்.

ஒருங்குறியில் எழுதிவிட்டாலும் தொல்லை முற்றாக நீங்கிவிடுவதில்லை. 'கௌரவ' என்பதில் ஔகாரக் குறியை இடுவதற்குப் பதிலாக, எகரக் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்துத் தட்டுவோர் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே, பொறிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். 'பௌத்த', 'பௌர்ணமி' போன்றவற்றுக்கும் இதே கதிதான்.

பீடிஎப் கோப்புகளின் நிலை இன்னும் மோசம். பழைய எழுத்துருவில் அமைந்த தமிழ் வர்த்தமானியோ சுற்றறிக்கையோ அச்சிட்டால் அழகாக இருக்கும், தேடினால் அகப்படாது. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. இத்தகைய அறிவிப்பின் மூலப்பிரதியைத் தேடும் தொழிலாளி ஒருவருக்கு அதைப் பற்றிய செய்திகள் கிடைக்கும், மூலம் கிடைப்பது அரிது. தாளைப் படம் பிடித்துப் பதிவேற்றிய கோப்பாயின் அதில் எழுத்தே இல்லை, வெறும் படந்தான். எவரும் ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய பரிசோதனை ஒன்றுண்டு. கோப்பிலுள்ள ஊர்ப் பெயரொன்றைப் பிரதியெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டும்போது அது தமிழாகவே வந்தால் நல்லது. ஆங்கில எழுத்துகளாகவோ, கொம்பும் காலும் இடம் மாறிய குழப்பமாகவோ வந்தால், தேடுபொறி காண்பதும் அதையேதான்.

எழுத்து சரியாக இருந்தும் சொல் பொருந்தாமற் போவது அடுத்த நிலை. மலையகத்துக்கே உரிய சிக்கல் இங்கேதான் மிகுதி. சிங்களம் அல்லது ஆங்கிலம் வழியாக வரும் ஊர்ப் பெயர்களை எழுதத் தமிழில் ஒரு முறை நிலைபெறவில்லை. ஹப்புத்தளை, அப்புத்தளை, ஹபுத்தளை; பண்டாரவளை, பண்டாரவெல; வெலிமடை, வெலிமட; பசறை, பஸ்ஸறை; ஹாலிஎல, ஹாலி எல என்று பட்டியல் நீளும். புகழ்பெற்ற சுற்றுலாத் தலமான எல்லவின் நிலை பரிதாபத்துக்குரியது. அதனை 'எல்லை' என்று எழுதினால் நாட்டெல்லைத் தகராறுகளுக்கு நடுவே அது காணாமற் போகும். கூகுள் சில வேறுபாடுகளைத் தானாகவே ஊகித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் பலர் எழுதும் சொல்லைத்தான் அதனால் ஊகிக்க முடியும். ஆண்டுக்குப் பத்துப் பேர் எழுதும் தோட்டப் பெயரை அது எங்ஙனம் ஊகிக்கும்?

தோட்டங்களுக்கோ பெரும்பாலும் இரட்டைப் பெயர்கள். கம்பனியின் பதிவேட்டிலும் தேயிலைப் பெட்டியிலும் இருப்பது ஓர் ஆங்கிலப் பெயர். தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வழங்குவது வேறொரு தமிழ்ப் பெயர். அதற்குள்ளும் மேல்கணக்கு, கீழ்கணக்கு என்று பிரிவுகள். மண்சரிவு எச்சரிக்கையோ பிரதேச செயலாளர் பிரிவின் பெயரில் வெளியாகிறது. 'ஹல்துமுல்லை பிரதேச செயலாளர் பிரிவு' என்று அறிவிப்பில் இருக்கும். லயத்தில் இருப்பவர் தமது தோட்டத்தின் பெயரை இட்டுத் தேடுவார். இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்து எழுதியவர் இல்லையெனில், எச்சரிக்கையும் அதற்குரியவரும் சந்திக்கப் போவதில்லை.

பொதுச் சொற்களிலும் இத்தகைய மயக்கம் உண்டு. 'தோட்டம்' என்று தேடினால் வீட்டுத்தோட்டமும் மாடித்தோட்டமும் வரும். 'லயம்' என்றால் இசையும் தாளமும் வரும். 'துரை' என்றால் தமிழ்நாட்டு அரசியல்வாதிகள் வருவர். எண்ணிக்கையில் பன்மடங்கு பெரிய தமிழ்நாட்டின் வழக்கே தேடுபொறிக்குத் தமிழ் வழக்காகத் தோன்றுகிறது. இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை, எண்ணிக்கையின் விளைவுதான். நாம் மண்சரிவு என்பதைத் தமிழ்நாட்டில் நிலச்சரிவு என்பர். நிலச்சரிவு என்று தேடினால், 2024 ஜூலையில் வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் அழித்த சரிவும், தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் பலர் மாண்ட 2020 ஓகஸ்ட் மூணாறு பெட்டிமுடிச் சரிவும் முன்வரும். மீரியபெத்தையை எழுதியவர் 'மண்சரிவு' என்று மாத்திரம் எழுதியிருந்தால், அவ்வரிசையில் அது சேராது. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய புயலின்போது பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகளால் பல உயிர்கள் பறிபோயின. அப்புயலின் பெயரே டித்வா, டிட்வா, திட்வா எனப் பலவாறாக எழுதப்பட்டது.

தமிழின் இயல்பும் பொறிக்குச் சவாலானதே. பதுளையில், பதுளைக்கு, பதுளையிலிருந்து, பதுளைப் பிரதேசம் என்று ஒரே பெயர் பல உருவங்கொள்ளும். ஆங்கிலத்தில் பெயர் மாறாமல் நிற்க, உருபு தனிச்சொல்லாக வரும். தேடுபொறிகள் இப்போது தமிழ் வேற்றுமையுருபுகளை ஓரளவு பிரித்தறிகின்றன என்றாலும், அரிய பெயர்களில் தடுமாறுகின்றன. எனவே உருபேற்காத ஊர்ப் பெயரைத் தலைப்பிலேயே ஒருமுறை வைத்துவிடுவது சிறந்தது. முதற் பத்தியில் அதன் மாற்று வடிவம் ஒன்றையும், ஆங்கில எழுத்திலான பெயரையும் குறிப்பிடலாம். தமிழைக் கூட ஆங்கில எழுத்தில் தட்டித் தேடும் இளைஞர் மிகப் பலர் அல்லவா! ஆனால் பக்கத்தின் அடியில் இருபது எழுத்துக்கூட்டல்களை வரிசையாகக் கொட்டி வைப்பதைத் தேடுபொறிகள் மோசடியாகக் கருதும். வாசகருக்கும் அது எரிச்சலூட்டும்.

தலைப்பைப் பற்றி ஒரு சொல். 'முகப்பு', 'செய்திகள்', 'எமது விழா' என்று எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே தலைப்பை இட்டிருக்கும் தளங்களைக் காண்கிறோம். எந்தப் பாடசாலை, எந்த ஊர், எந்த ஆண்டு என்பன தலைப்பில் இல்லாவிடின் பொறி எதைக்கொண்டு தெரிவு செய்யும்? திகதியின்மை இதனினும் கொடிது. ஒரு நாளுக்கு மட்டும் செல்லுபடியாகும் எச்சரிக்கை திகதியின்றி இணையத்தில் தங்கிவிட்டால், அடுத்த மழைக்காலத்தில் அது முதலிடத்துக்கு வந்து மக்களை அலைக்கழிக்கும். தேடலில் வராதிருப்பது போன்றே, வரக்கூடாத நேரத்தில் வருவதும் தீங்குதான்.

இவை யாவும் சரியான பின்னரே, ஒருவரையொருவர் சுட்டும் இணைப்புகளின் பேச்சு எழுகிறது. மலையகத் தளங்கள் ஒன்றையொன்று சுட்டுவது குறைவு. ஒரு கட்டுரையை எடுத்து மறுபிரசுரம் செய்வோர், மூலத்துக்கு இணைப்புக் கொடுக்காமல் 'நன்றி' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுகின்றனர். அந்த நன்றியைப் பொறி கணக்கில் எடுப்பதில்லை. தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகளைக் கைவிடுவதும், பதிவுக் கட்டணம் செலுத்தாமல் முகவரியே கைமாறிவிடுவதும் ஈட்டிய இணைப்புகளையும் இழக்கச் செய்கின்றன.

முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் பெரும்பாலும் பட வடிவிலேயே உள்ளன. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு ஆகியவற்றை ஒருங்குறியில் எழுதிய விபரப்பக்கம் இருப்பதனால், அவற்றைத் தேடி அடைய முடிகிறது. தமிழ் விக்கிப்பீடியா மற்றொரு வழியைக் காட்டுகிறது. ஒரு ஊருக்கு ஒரு கட்டுரையை மட்டும் வைத்து, ஏனைய எழுத்துக்கூட்டல்களை அதற்கு வழிமாற்றிவிடும் ஏற்பாடு அங்கே உண்டு. பதுளை மாவட்டத்தின் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஆங்கிலப் பெயர், சிங்களப் பெயர், மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயர், பிரிவுகள், கிராம உத்தியோகத்தர் பிரிவு, பிரதேச செயலகம் ஆகியவற்றை ஒரே வரியில் தரும் அட்டவணை ஒன்று ஒருங்குறியில் வெளியாகுமாயின், எச்சரிக்கை எழுதும் அதிகாரிக்கும் செய்தி எழுதும் நிருபருக்கும் அது ஒருங்கே பயன்படும். அதற்கு வேண்டிய பெயர்கள் தோட்டத்துத் தபாற்காரரின் நினைவிலும், பாடசாலை அனுமதிப் பதிவேடுகளிலும், முதியோரின் பேச்சிலும் இன்னமும் இருக்கின்றன.